ஆதிமூலத்தின் மேல் வந்த சாமி

வடக்கனந்தல் ஆதிமூலத்துக்கு நன்றாக விழத் தெரியும். அதைத் தவிர வேறு நடிப்பு தெரியாது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது வயிற்றெரிச்சலில் சொன்னது. பங்குனித் திருவிழாவுக்கு உள்ளூர் ஆட்கள் சேர்ந்து போடும் சமூக நாடகத்தில் இரண்டாவது காட்சியிலேயே ஒரு அப்பா சாகவேண்டும். மகள் ஓடிப்போய்விட்டாள் என்றோ மகன் ஜெயிலுக்குப் போய்விட்டான் என்றோ யாராவது மூச்சிரைக்க வந்து சொல்ல, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். எந்த நாடகத்தை எடுத்தாலும் இப்படி ஒரு அப்பா இருந்தே தீருவார், வருஷா வருஷம் அந்த அப்பா ஆதிமூலம்தான். பலகை அதிர விழுவார், ஆனால் உடம்பில் ஒரு சிராய்ப்பு இருக்காது. பெண்கள் பக்கத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வரும். அதோடு அவர் வேலை முடிந்தது. மீதி நாடகம் முழுவதும் திரைக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டு, கதாநாயகன் பேசுவதை உதட்டுக்குள் தானும் பேசிக்கொண்டிருப்பார்.

மற்ற நாட்களில் அவர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர். மனைவி கொளஞ்சியம்மாள் அதே ஆலையின் களத்தில் நெல் துழாவுகிறவள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. குடிப்பழக்கம் கிடையாது, வம்புதும்பு கிடையாது. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு இருந்த ஒரே குறை, தான் விழுவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேச யாரும் விடவில்லையே என்பதுதான். இதை ஒரு குறை என்று எடுத்துக்கொள்ள கொளஞ்சியம்மாளால் முடியவில்லை. வீட்டில் பேசுவதே போதும் என்பது அவள் கட்சி.

இப்படி இருந்தவரைத் தேடி வந்தவன் இளஞ்செழியன். கள்ளக்குறிச்சியில் வீடியோ கடை வைத்திருந்தான். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. சினிமா படிக்கிறேன் என்று மெட்ராஸுக்குப் போய், இடம் கிடைக்காமல் திரும்பி, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். மாப்பிள்ளை தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்கவிட்டே ஆயுசு போய்விடும் என்று அவனுக்குப் பயம் வந்திருந்தது. பொய்யாக ஒரு உண்மைப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். பார்த்தால் செய்திப் படம் மாதிரியே இருக்கும். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கொண்டாடிய நாடக நடிகர், இன்றைக்குப் புத்தி பேதலித்து நடுத்தெருவில் நிற்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் காமிராவைப் பார்த்து அவர் கதையைச் சொல்கிறார்கள். எல்லாம் கட்டிவிட்ட கதை. கடைசியில் ஜனம் கூடியிருக்கும் இடத்தில் அவர் நிலைகுலைந்து விழுகிறார். சுற்றி நிற்கிற ஜனத்துக்கு மட்டும் அது நடிப்பு என்று தெரியக்கூடாது, அவர்கள் முகம் நிஜமாக இருக்கவேண்டும் என்றான்.

ஆதிமூலம் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் அவருக்குப் பசி அடங்கிவிடும். முழுப் படத்துக்கும் அவர்தான் கதாநாயகன்.

கொளஞ்சியம்மாளையும் ஒரு நாள் களத்து ஓரத்தில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். புருஷன் புத்தி கெட்டுப்போனதைச் சொல்லி அழவேண்டும். அவள் அழவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்தே இந்த மனுஷன் தானாகப் பேசிக்கொண்டு திரிகிறது, சோறு போட்டால் சோற்றைப் பார்த்தும் வசனம் பேசுகிறது, இதில் புதிதாகக் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டாள். இளஞ்செழியன் காமிராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இதைவிட நன்றாக எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்று ஆதிமூலத்திடம் சொன்னான். அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

அந்த எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது, தபால் நின்றது, ஊருக்கு ஊர் பேச்சு மட்டும் ஓடியது. யார் அடிபட்டான், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யார் ஒளிந்திருக்கிறான் என்று எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. கொடி பிடித்தவனும் மாட்டினான், வேடிக்கை பார்த்தவனும் மாட்டினான். சிலர் கரும்புக்குள் கிடக்கிறார்கள் என்றார்கள். சிலர் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள் என்றார்கள். மறியல் ஓய்ந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு கூட்டம் கூடியது. உள்ளே நுழைகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடிப்போய், இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும் கூட்டம்.

அதைப் பார்த்துவிட்டு இளஞ்செழியன் வடக்கனந்தலுக்கு வந்தான்.

"இப்பதாண்ணே ஜனங்க மூஞ்சி மூஞ்சியா இருக்குது. நாளைக்கே வெச்சிக்கலாம்."

இப்படிச் சொன்ன வாயில் ஒன்று போட்டிருக்கவேண்டும். போடுகிற தூரத்தில் நின்றவர் ஆதிமூலம்தான். அவர் என்ன வேஷ்டி கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டார்.

ஏற்பாடு சுலபமானது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடித் தாழ்வாரத்தில், காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் காமிரா. கீழே ஆதிமூலம். சட்டை கிடையாது, தலையைக் கலைத்துவிடவேண்டும். தான் யார் என்பதையே மறந்துபோன நடிகர் அவர், அதனால் "நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்கவேண்டும். பிறகு விழவேண்டும். மாடியிலிருந்து சிவப்புத் துண்டை ஆட்டினால் எழுந்துவிடலாம். துண்டு ஆடும்வரை, தலை போனாலும் வேஷத்தைக் கலைக்கக்கூடாது. மாடியில் காமிராவை ஓடவிட்டபிறகுதான் அவரைக் கீழே அனுப்பினான், அதில் அவன் குரலும் பதிந்தது: "அண்ணே, ரெடி, போங்க."

முதல் தடவை கேட்டபோது ஆதிமூலத்துக்குக் குரல் எழும்பவில்லை. பழக்கூடைக்காரி கூடையை உள்ளே இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அடிவயிற்றிலிருந்து கேட்டார். "நான் யாரு?" கூட்டம் திரும்பியது. அவர் உடம்பை உதறிக்கொண்டு, தனக்குத் தெரிந்த அந்த விழுகையை மண்ணில் விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. "நான் யாருன்னு சொல்லு" என்று உறுமினார்.

இளஞ்செழியனின் கணக்குப்படி ஜனங்கள் இந்த இடத்தில் பைத்தியம் என்று சொல்லவேண்டும். சிரிக்கவேண்டும், ஒதுங்கவேண்டும், பரிதாபப்படவேண்டும். ஆனால் நம் பக்கத்தில் ஒருத்தன் தலைவிரித்து, உடம்பு நடுங்கி, நான் யார் என்று உறுமினால் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. வந்து இறங்குகிற சாமி முதலில் அப்படித்தான் கேட்கும். வந்திருப்பது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி மிரட்டும். மெட்ராஸுக்குப் போய் வந்ததில் இளஞ்செழியனுக்கு இது மறந்துபோயிருந்தது. ஆதிமூலத்துக்கு மறந்திருக்க நியாயமில்லை. அவர் தாய்மாமனே ஆடிமாசம் சாமி ஆடுகிறவர். ஆனால் அவர் அன்று நடிப்பு ஒன்றைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

ஒவ்வொருத்தராகச் செருப்பைக் கழற்றினார்கள். பூக்காரி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினாள். சோடாக் கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வந்து அவர் கையில் திணிக்கப்பட்டது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்து அவர் காலைப் பிடித்தாள்.

அவள் பெயர் இருசம்மாள். தியாகதுருகம் பக்கத்துக் கூலிக்காரி. களை எடுப்பாள், நாற்று நடுவாள். புருஷன் இல்லை. மகன் வேடியப்பன் லாரியில் கிளீனராகப் போனவன், மறியல் ஆரம்பித்த அன்று புறப்பட்டது, அதற்குப் பிறகு தகவல் இல்லை. நாலு நாளாக பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தாள். குலசாமி பெயரைத்தான் மகனுக்கு வைத்திருந்தாள். அதனால் வந்திருப்பது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வேடியப்பன்தானே நீ? எங்கூட்டுச் சாமிதானே?"

ஆதிமூலம் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டவில்லை, ஆடிக்கொண்டிருந்த தலை ஆடியது. அவர் மாடியைப் பார்த்தார். துண்டு ஆடவில்லை. இளஞ்செழியன் அந்த அம்மாளின் முகத்தை நெருக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தான், துண்டை மறந்தே போனான்.

"எம் மவன் உசுரோட இருக்கானா? அத்த மட்டும் சொல்லு."

அந்தக் கணத்தில் எழுந்து, "அம்மா, இது நாடகம்" என்று சொல்லியிருந்தால் நாலு உதை விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். ஆதிமூலம் உதைக்குப் பயந்து சும்மா இருந்தார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை. பஸ் ஸ்டாண்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக, அவர் விழுந்த பிறகும் அவர் பேசுவதைக் கேட்க ஆள் இருந்தது. அதில் அவருக்கு ஏற்பட்டது சந்தோஷம். கூடவே அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதும் நிஜம்.

"இருக்கான்" என்றார்.

எங்கே என்று கேட்டாள். அவர் ஆடிக்கொண்டே எழுந்து கையைத் தூக்கினார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, மேற்கே, மலை நீலமாகத் தெரிந்தது. "மலையில இருக்கான். போ." மலைக்கு ஓடிப்போனவர்களைப் பற்றிய பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. அது ஒன்றுதான் அவர் சொன்ன குறிக்கு ஆதாரம்.

துண்டு ஆடியது. அவர் துவண்டு விழுந்தார், எழுந்தார், ஒரு டீ கேட்டார். சாமி மலையேறிவிட்டது என்று ஜனங்கள் கலைந்தார்கள். இருசம்மாள் ஒருத்தரையும் கேட்கவில்லை. தம்பிக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு, மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த ஆதிமூலம் நடந்ததை நடித்தே காட்டினார். கொளஞ்சியம்மாள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்டாள். இருசம்மாள் காலைப் பிடித்த இடம் வந்ததும் புடைப்பதை நிறுத்தினாள்.

"அது இன்னா கேட்டுது, நீ இன்னா சொன்ன?"

சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெற்றவளிடம் அப்படி ஒரு வார்த்தையை விளையாட்டுக்குச் சொல்லலாமா என்று மறுநாள்தான் கேட்டாள். நல்ல வார்த்தைதானே சொன்னேன், அவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் இவர். அவன் வந்துவிடுவான் என்று அவரே பாதி நம்ப ஆரம்பித்திருந்தார்.

ஐப்பசி பிறந்து, மழை பிடித்துக்கொண்டபிறகு ஒரு நாள் அரிசி ஆலைக்கு ராசு வந்தான். இருசம்மாளின் தம்பி. பஸ் ஸ்டாண்டில் ஆடியவர் வடக்கனந்தல் ஆலைக்காரர் என்று யாரோ சொல்லி, விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். அவன் சண்டைக்கு வரவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதுதான் ஆதிமூலத்தைக் கலங்கடித்தது.

அவன் சொன்ன விஷயம் இது. அக்கா மலைக்குப் போன இரண்டொரு நாளில் அவர்கள் தெருவுக்கு ஒரு போலீஸ்காரர் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். இருட்டில் ஒரு லாரி, ரோட்டில் வெட்டிக் கிடந்த மரத்தின் மேல் ஏறிக் கவிழ்ந்திருக்கிறது. டிரைவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில். கிளீனரை வைத்துக்கொள்வது டிரைவர் பாடு என்று லாரி முதலாளி கைவிரித்துவிட்டதால், செத்தவன் யார் என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் காணாமல்போனவர்கள் வீடுகளுக்கெல்லாம் காட்டிக்கொண்டு வருகிறார்கள். அக்கா வீட்டில் இல்லாததால் சட்டையை ராசுவிடம் காட்டினார்கள்.

"சட்ட அவனுது மாதிரிதான் இருந்துச்சு. ஆனா சாமி மலையில இருக்கான்னு சொல்லிட்டுதே. அப்புறம் நான் எப்படி ஆமான்னு சொல்றது? எங்களுது இல்லன்னு அனுப்பிட்டேன்."

கேட்க ஆள் இல்லாத பிணத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள். எங்கோ புதைத்துவிட்டார்கள். இப்போது டிரைவர் தேறி, கட்டையை ஊன்றிக்கொண்டு அவர்கள் ஊரைத் தேடி வந்திருக்கிறான். கிளீனர் தன் கண் முன்னாலேயே போய்விட்டான் என்கிறான். டிரைவர் சொல்வது ஒன்று, சாமி சொன்னது ஒன்று. எது சரி என்று கேட்டுச் சொல்லவேண்டும், சாமியைக் கூப்பிடுங்கள் என்றான் ராசு.

ஆதிமூலம் நெல் அவியும் கொப்பரைப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆவி முகத்தில் அடித்ததைக் கூட விலக்கவில்லை. எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். சாமி இல்லை, படம், காமிரா, துண்டு, நடிப்பு. நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னார். ராசு பொறுமையாகக் கேட்டான். பிறகு, எப்போது கூப்பிடுவீர்கள் என்று மறுபடி கேட்டான்.

வேறு வழியில்லாமல் அவனையும், வெளியே காத்திருந்த அவன் சொந்தக்காரர்கள் சிலரையும் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துக்கொண்டுபோனார். படத்தைப் பார்த்தால் குழந்தைக்கும் விளங்கும் என்று நினைத்தார். வீடியோ கடையில் இளஞ்செழியனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. ராசுவோடு வந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்து, அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவோரமாகவே நின்றான். காஸெட்டைப் போட்டான். அவன் குரலே முதலில் கேட்டது: "அண்ணே, ரெடி, போங்க." ஆதிமூலம் ராசுவின் முகத்தைப் பார்த்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

திரையில் ஆதிமூலம் விழுந்தார். ராசு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இருசம்மாள் காலைப் பிடிக்கும் இடத்தில் ஒருத்தர் டிவிப் பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். படத்தில் ஆதிமூலம் டீ கேட்டபோது, பார்த்தீர்களா, வந்தது போய்விட்டது என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"நீ நடிக்கத்தான் போன, நான் இல்லங்கல. நடுவுல அது வந்துடுச்சு. வந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ராசு.

நடிப்பு என்பதற்கு என்னென்ன அடையாளம் காட்டினாலும் அதையே சாமி வந்ததற்கும் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காஸெட்டை இளஞ்செழியன் வைத்துக்கொள்ளவில்லை. அதே மாசத்தில் ஒரு பெரிய வீட்டு வளைகாப்பை அதன் மேலேயே எடுத்துக் கொடுத்துவிட்டான். பிறகு அவன் ஆதிமூலத்தைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான். ஆதிமூலமும் அடுத்த பங்குனியில் மேடை ஏறவில்லை, அதற்கடுத்த பங்குனியிலும் ஏறவில்லை. அப்பா வேஷத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கொளஞ்சியம்மாள் சொன்னது ஒன்றுதான். "எந்த வாயால சொன்னியோ அந்த வாயாலயே போய்ச் சொல்லு. நானும் வர்றேன்."

மறுநாள் ராசுவையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் மலைக்குப் போனார்கள். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ராசு மடியில் ஒரு பொட்டலத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே கற்பூரமும் எலுமிச்சம்பழமும் இருப்பது வாசனையிலேயே தெரிந்தது. ஆதிமூலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிமலையில் இருசம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. ஊர் ஊராக, கொட்டாய் கொட்டாயாகப் போய் மகனின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள். மலைக்காரர்கள் அவளுக்குச் சாமைச் சோறு போட்டார்கள், படுக்க ஒரு மாட்டுக்கொட்டகையின் ஓரத்தைக் கொடுத்தார்கள். பகலில் மரவள்ளிக்குக் களை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவாள். அவர்கள் போனபோது களத்து மேட்டில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். ஆதிமூலத்தைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

ஆதிமூலம் அவள் காலில் விழுந்தார். இந்தத் தடவை விழத் தெரியவில்லை. முழங்கால் கல்லில் பட்டு ரத்தம் வந்தது.

"அம்மா, அன்னிக்கு வந்தது சாமி இல்லம்மா. நான்தான். படம் புடிக்கிறதுக்காக நடிச்சேன். ஒம் மவன் எங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் பதறிப்போய் அவரைத் தூக்கிவிட்டாள். பாவம், உன் மேல் வந்ததற்கு நீ என்ன செய்வாய், உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். ராசு டிரைவர் சொன்னதைச் சொன்னான். சட்டையைச் சொன்னான். அவள் முகம் அசையவில்லை. டிரைவர் தன் தப்பை மறைக்கப் பேசுகிறான் என்றாள். சட்டை ஆயிரம் பேர் போடுகிற சட்டை என்றாள். இந்த மலையில் இன்னும் பார்க்காத ஊர்கள் இருக்கின்றன, மழை விட்டால் அந்தப் பக்கம் போவேன் என்றாள். மனிதர்கள் சொல்லி அவள் இறங்கமாட்டாள் என்பது மூன்று பேருக்கும் விளங்கியது.

"அத்த வரச்சொல்லு. அது வாயால இல்லன்னு சொல்லட்டும், எறங்கி வர்றேன்."

ராசு பொட்டலத்தைப் பிரித்தான். ஆதிமூலம் மனைவியைப் பார்த்தார். தன்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆடு. வேற வழியில்ல. இது இந்த மழையில இங்கியே செத்துப்பூடும்" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றினார். எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டார். மூச்சை அடிவயிற்றுக்கு இழுத்து, அங்கிருந்து நடுக்கத்தைத் தொடையில் ஆரம்பித்தார். பிறகு தோள், பிறகு கழுத்து. கண்ணை மேலே செருகினார். நாக்கைக் கடித்தார். ஒவ்வொன்றும் தெரிந்து செய்தது, அதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆடியதைவிட இன்றைக்கு நன்றாக வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு மூலை கவனித்தது. அந்த மூலையை அவரால் பிடுங்கி எறிய முடியவில்லை. தன்னைப் போல் ஒரு ஈனப்பிறவி உண்டா என்று நினைத்துக்கொண்டே ஆடினார். களத்திலிருந்த மலைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கற்பூரம் எரிந்தது.

"ஒம் மவன் இல்ல" என்றார். குரல் பிசகவில்லை. "லாரியிலயே போய்ட்டான். மண்ணுக்குள்ள போய்ட்டான். மலையில தேடாத. எறங்கு."

இருசம்மாள் விழுந்து புரள்வாள் என்று நினைத்து கொளஞ்சியம்மாள் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் வந்தாள். அவள் புரளவில்லை. உடம்பு மட்டும் சிறுத்துக்கொண்டே போவது போலிருந்தது. பிறகு நாலடி முன்னால் வந்து, ஆடிக்கொண்டிருக்கும் அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவள் பேசியது ஆதிமூலத்திடம் இல்லை.

"அப்போ அன்னிக்கு ஏன் இருக்கான்னு சொன்ன?"

சுற்றி நின்றவர்களும் அதையே கேட்பது போல ஒரு அடி நெருங்கி வந்தார்கள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எம் புள்ள மூஞ்சிய ஒருவாட்டி பாத்திருப்பேன். ஒரு பிடி மண்ணு என் கையால போட்டிருப்பேன். ஒங்கிட்ட நான் இன்னா கேட்டேன், இருக்கானா இல்லியான்னுதானே கேட்டேன். ஏன் பொய் சொன்ன? சொல்லிட்டுப் போ."

ஆட்டத்தை நிறுத்தினால் அவர் வெறும் ஆதிமூலம். ஆதிமூலம் சொல்வதை அவள் காதில் வாங்கமாட்டாள், அதை இப்போதுதான் பார்த்தார். நிறுத்தாவிட்டால் பதில் சொல்லவேண்டும். ஒரு சாமி ஏன் பொய் சொன்னது என்பதற்கு அவர் என்ன சொல்லமுடியும். நடுக்கம் தொடையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தொடைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. முழங்கால் ரத்தம் வழிந்து பாதத்துக்கு வந்துவிட்டது. மலைக்காரர்கள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார்கள். ராசு இன்னொரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினான். மழை தூற ஆரம்பித்தும் யாரும் கலையவில்லை.

இருசம்மாள் நகரவில்லை. பதிலுக்காக அவர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவர் ஆடிக்கொண்டே இருந்தார்.